எட்டு கஜம்

இடுப்பளவு கேட்பார், எந்த டார்டன் என்று கேட்பார், எவ்வளவு செலவழிக்கலாம் என்று கேட்பார். மூன்றுக்கும் பதில் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். கில்ட் தைக்கும் அந்த அம்மாள் கேட்டது வேறு.

"எங்கே உடுத்தப் போகிறீர்கள்?"

"ஜூன் மாசம் ஒரு கல்யாணம். பெர்த்ஷயரில்."

"அது ஒரு நாள். அதற்கப்புறம்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. அறுபதைத் தாண்டியவர். எடின்பரோவில், சுற்றுலாக்காரர்கள் நடமாடும் தெருவை விட்டு விலகிய ஒரு சந்தில், இரண்டாவது மாடியில் ஒற்றை அறை. நீள மேசை, இஸ்திரிப் பெட்டி, சுவரோரம் துணிச் சுருள்கள். தையல் மெஷின் மூலையில் மூடிக் கிடந்தது. கில்ட்டைக் கையால்தான் தைக்கிறார். நான் பதில் சொல்லாமல் நிற்பதைப் பார்த்து, மேசைமேல் மூன்று துணித்துண்டுகளை எடுத்துப் போட்டார். மூன்றும் ஒரே டார்டன்: கரும்பச்சை, கருநீலம், கறுப்பு கலந்த கட்டம். பார்க்க வித்தியாசமே இல்லை.

"கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தூக்குங்கள்" என்றார்.

11 அவுன்ஸ், 13 அவுன்ஸ், 16 அவுன்ஸ். முதல் துண்டு கையில் கைக்குட்டை மாதிரி இருந்தது. இரண்டாவது நல்ல பேண்ட் துணி. மூன்றாவது விரல்களுக்கு இருபுறமும் கீழே தொங்கி அப்படியே நின்றது. உயிருள்ள ஒன்றைத் தூக்கியது போல இருந்தது என்று சொன்னால் மிகையாகத் தெரியலாம். ஆனால் பூனையைத் தூக்கியவர்களுக்கு அந்தத் தொங்கல் தெரியும்.

"இதைத்தான் முதலில் முடிவு செய்யவேண்டும். நிறம் அப்புறம். எங்கே உடுத்தப் போகிறீர்கள் என்று தெரிந்தால் எந்த எடை என்று நான் சொல்லிவிடுவேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று மூன்று துண்டுகளையும் வாங்கிக்கொண்டு படியிறங்கினேன்.

*

இதற்கு முன்னால் ஒரு தடவை கில்ட் கட்டியிருக்கிறேன். ஆபீஸ் நண்பன் ஒருவனின் கல்யாணத்துக்கு வாடகைக்கு எடுத்தது. இங்கே விருந்தாளிகள் நிறையப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்குக் கிடைத்தது மெலிசான பாலி-விஸ்கோஸ் துணி. கல்யாணம் கடலோரத்தில். குடும்பப் படத்துக்கு வரிசையாக நின்றபோது காற்று அடித்தது. மற்றவர்களின் கில்ட் ஒருமுறை அசைந்து அடங்கியது. என்னுடையது பட்டம் மாதிரி எழும்பியது. இரண்டு கையாலும் முன்பக்கத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டு நான் சிரிக்கும் படம் இன்னமும் எங்கள் டீம் சாட்டில் சுற்றுகிறது. லுங்கி கட்டி டிவிஎஸ் ஃபிப்டி ஓட்டிய ஊர்க்காரனுக்கு இது அவமானம்தான்.

அதனால் அடுத்த கல்யாணத்துக்குச் சொந்தமாகத் தைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். நல்ல கம்பளித் துணியில் கையால் தைத்த கில்ட் ஐந்நூறு பவுண்டுக்கு மேல் ஆகும். ஐந்து வருஷம் இங்கே சம்பாதித்திருக்கிறேன், ஒரு நல்ல உடுப்பாவது இருக்கட்டும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் பேசும்போது விஷயத்தைச் சொன்னேன். அப்பா திருப்பூரில் முப்பத்துநாலு வருஷம் பனியன் கம்பெனிகளில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். வீடியோவில் துணித்துண்டைக் காட்டினேன்.

"நம்மூரு லுங்கியாட்டவே இருக்குது?"

"கம்பளிங்ப்பா. பாவாடை மாதிரி, பின்னாடி மடிப்பு வெச்சு இடுப்புல கட்டறது."

"ஜிஎஸ்எம் எத்தன?"

எங்கள் ஊர்க் குழந்தைகளுக்கு ஜிஎஸ்எம் என்ற சொல் பள்ளிக்கூடம் போகும் முன்பே தெரியும். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு அது. திருப்பூரில் துணியின் பெயருக்கு முன்னால் அந்த எண்தான் வரும். இங்கே கணக்கு வேறு. நெய்து வந்த முழு அகலத்தில், ஒரு கஜ நீளம் எத்தனை அவுன்ஸ் என்று பார்க்கிறார்கள். அகலம் ஏறக்குறைய 58 அங்குலம். போனைப் பிடித்துக்கொண்டே மாற்றிப் பார்த்தேன். 11 அவுன்ஸ் சுமார் 230, 13 அவுன்ஸ் 275, 16 அவுன்ஸ் 340 ஜிஎஸ்எம் பக்கத்தில் வந்தது.

"டி-ஷர்ட்டே நூத்தி எம்பதுதாங்கண்ணு. முந்நூத்தி நாப்பதுன்னா அது குளிருக்குப் போடற ஹூடித் துணியில்ல? எத்தன மீட்டர் புடிக்குது?"

"எட்டு கஜம்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"எட்டு கஜமா? ஒரு ஆளுக்கா?" என்றார் அப்பா. "பொம்பளைக சேலையே ஆறு கஜந்தானடா."

அப்பாவின் அதிர்ச்சியைப் புரிந்துகொள்ள அவருடைய மேசையைப் பார்த்திருக்க வேண்டும். நூறு அடுக்குத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, மேலே மார்க்கர் போட்டு, முன்பக்கம், பின்பக்கம், கை, கழுத்துப்பட்டி எல்லாவற்றையும் புதிர் மாதிரி ஒன்றுக்குள் ஒன்றாக நெருக்கி அடுக்கி வெட்டுவார். இரண்டு உருப்படிக்கு நடுவில் கால் அங்குலம் வீணானால் நூறு அடுக்கிலும் வீண். ஒரு டஜனுக்கு இத்தனை கிலோ துணி என்று கம்பெனி கணக்குப் போட்டிருக்கும். அதில் இருபது கிராம் குறைத்தால் மாஸ்டர், கூடினால் திட்டு. என் படிப்புச் செலவு முழுக்க அந்தக் கால் அங்குலங்களில் இருந்துதான் வந்தது. அந்த மனிதரிடம் போய், தொடையை மூடுவதற்கு எட்டு கஜம், அதில் பெரும்பகுதி வெளியே தெரியாமல் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.

"உள்ளாற ஒளிச்சு வெக்கறதுக்கு எதுக்குக் காசு?" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. அடுத்த இரண்டு வாரம் அதைத்தான் படித்தேன்.

*

முதலில் எடை. கில்ட்டின் பின்பக்கம் முழுக்க மடிப்புகள். இடுப்பிலிருந்து பிட்டம் வரைக்கும்தான் அந்த மடிப்புகளைத் தைப்பார்கள். அதற்குக் கீழே எந்தத் தையலும் இல்லை. துணி தன் கனத்தாலேயே நேராகத் தொங்கவேண்டும். நடக்கும்போது விரிந்து, நின்றதும் தானாகப் பழைய இடத்துக்கு வந்துவிட வேண்டும். கனத்த துணி அதைச் செய்யும். மெல்லிய துணி கொஞ்ச நேரம் உட்கார்ந்து எழுந்தாலே கசங்கி, மடிப்புக் கலைந்து, அடிக்கடி இஸ்திரி கேட்கும். காற்றிலும் நிற்காது. பழைய ராணுவ கில்ட்டுகள் 16 அவுன்ஸையும் தாண்டி இன்னும் கனமான துணியில் வந்தவை. மழையிலும் சேற்றிலும் மாதக்கணக்கில் உடுத்துவதற்கானவை. இன்றைக்கு நிறையப் பேர் எடுப்பது 13 அவுன்ஸ். வெப்பமான ஊரில் இருப்பவர்களும், ஹாலுக்குள் நடனம் ஆடுபவர்களும் 11 அவுன்ஸ் எடுக்கிறார்கள்.

அடுத்தது நீளம். 'எட்டு கஜம்' என்பது இடுப்பைச் சுற்றும் நீளம். ஆனால் கடையில் எட்டு கஜம் வாங்குவதில்லை. நாலு கஜம் வாங்கி, அகலத்தை நடுவில் நீளவாக்கில் வெட்டி, இரண்டு பட்டைகளையும் ஒட்டி எட்டாக்குகிறார்கள். ஒட்டுத் தையல் ஒரு மடிப்புக்குள் மறைந்துவிடும். இன்னொரு விஷயம், கில்ட்டின் அடிப்பக்கத்தை மடித்துத் தைப்பதில்லை. தறியில் நெய்த கரையே கீழ் ஓரமாக வரும். ஒரு துணிக்கு இரண்டு கரை, ஆகவே இரண்டு பட்டை.

அப்பாவிடம் இதைச் சொன்னதும் அவர் முதல் கேள்வியே குறையைத்தான் பிடித்தது. "ரெண்டு கரையும் கீழ வரோணும்னா ஒரு பட்டையத் தலைகீழாத் திருப்போணும். கட்டம் மாறிப் போகாதா?"

எனக்கு இது தோன்றவே இல்லை. தையல்கார அம்மாளிடம் மெயிலில் கேட்டேன். பெரும்பாலான டார்டன்களின் கட்டம் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் கண்ணாடி பிம்பம் போல ஒரே வரிசையில் விரிகிறது, அதனால் திருப்பினாலும் அதேதான் வரும் என்று பதில் எழுதினார். சில டார்டன்கள் அப்படி இல்லை, அவற்றில் கவனம் வேண்டும் என்றும் எழுதி, கடைசியில் கேட்டிருந்தார்: "இந்தக் கேள்வியை யார் கேட்டது?"

மூன்றாவதாக, எடையும் நீளமும் தனித்தனி முடிவுகள் இல்லை என்பது புரிந்தது. நான் பிழைப்புக்கு மென்பொருள் எழுதுகிறவன். ஒரு எக்செல் ஷீட் போட்டுப் பார்க்காமல் எதையும் வாங்கியதில்லை. டார்டனின் கட்டம் ஒருமுறை முழுதாக வந்து மறுபடி தொடங்கும் நீளத்தை செட் என்கிறார்கள். மடித்த பிறகும் பின்பக்கத்தில் கட்டம் உடையாமல் தெரியவேண்டும் என்றால், ஒவ்வொரு மடிப்பும் ஒரு முழு செட்டை விழுங்கவேண்டும். அதில் முக்கால் அங்குலம் வெளியே தெரியும். மீதி உள்ளே. என் பிட்டச் சுற்றளவு 40 அங்குலம். அதில் பாதி, 20 அங்குலம் பின்பக்கம். முக்கால் அங்குலமாக வகுத்தால் 27 மடிப்பு. செட் 6 அங்குலம் என்றால் மடிப்புகளுக்கு மட்டும் நாலரை கஜம். செட் 8 அங்குலம் என்றால் ஆறு கஜம். முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக வரும் இரண்டு தட்டைப் பகுதிகளுக்கு ஒன்றரை கஜம். ஆக ஒன்று ஆறு கஜம், இன்னொன்று ஏழரை. அதே இழைக் கணக்கில் நெய்தாலும் தடித்த நூலில் கட்டம் பெரிதாகிவிடும். கனம் கூடினால் நீளமும் கூடும். எட்டு என்பது வேதவாக்கு இல்லை, ஒரு வட்டமான எண். ஆளுக்கும் துணிக்கும் தக்க மாறும்.

மொத்த எடையையும் போட்டுப் பார்த்தேன். 16 அவுன்ஸில் முழு அகலத் துணி நாலு கஜம் என்றால் 64 அவுன்ஸ், சுமார் 1.8 கிலோ. அப்பா கணக்கில் பத்து டி-ஷர்ட்.

இந்த எட்டு கஜமும் ஆதிகாலத்துச் சொத்து இல்லை என்பது அடுத்த ஆச்சரியம். மலைநாட்டுக்காரர்கள் முதலில் கட்டியது தைக்காத போர்வை. தறி குறுகலானது என்பதால் இரண்டு பட்டைகளை நீளவாக்கில் ஒட்டி அகலமாக்கி, இடுப்பில் பெல்ட் போட்டு, மேல் பாதியைத் தோளில் வீசிக்கொண்டார்கள். ராத்திரி அதையே போர்த்திப் படுத்தார்கள். அன்றைக்கு இரண்டு பட்டையை ஒட்டி அகலமாக்கினார்கள். இன்றைக்கு அகலத் துணியை வெட்டி இரண்டு பட்டையாக்குகிறார்கள். 18ஆம் நூற்றாண்டில்தான் மேல் பாதி போய் இடுப்புக்குக் கீழ் உள்ளது மட்டும் தனி உடுப்பாயிற்று. 1746இல் போட்ட சட்டம் மலைநாட்டு உடையைத் தடைசெய்தது, ராணுவத்தில் சேர்ந்தவர்களைத் தவிர. 1782இல்தான் தடை நீங்கியது. நான் எடுத்துவந்த கரும்பச்சைக் கட்டத்துக்கு பிளாக் வாட்ச் என்று பெயர். மலைநாட்டைக் கண்காணிக்க அரசாங்கம் அமைத்த படையின் டார்டன். குலம் எதுவும் இல்லாத என்னைப் போன்றவர்களும் கட்டலாம் என்று அதைத்தான் காட்டுகிறார்கள். அது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனால் அப்பாவின் லுங்கி ஞாபகம் வந்துவிட்டதால் மாற்ற மனசு வரவில்லை.

அந்தச் சட்டம் நீங்கிய பிறகு, 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், மடிப்புகளைத் தைத்த கில்ட் வந்தபோது அதற்குப் பிடித்தது நாலு கஜம்தான். அகலமான பெட்டி மடிப்புகள், எண்ணிக்கையில் குறைவு. 1822இல் நாலாம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது, வால்டர் ஸ்காட்டின் ஏற்பாட்டில், அவரே கில்ட் கட்டிக்கொண்டார். அந்த நூற்றாண்டு முழுக்க ராணுவத்தாலும் அலங்காரத்தாலும் மடிப்புகள் பெருகிப் பெருகி எட்டு கஜத்துக்கு வந்தன. இன்றும் நாலு கஜப் பெட்டி மடிப்பு கில்ட் தைத்துத் தருகிறார்கள். பாதித் துணி, பாதிக் கனம்.

நாலு, எட்டு என்று எழுதிப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். நம்மிடம் நாலு முழ வேட்டி, எட்டு முழ வேட்டி. இரண்டு முழம் ஒரு கஜம். எட்டு முழம் என்பது நாலு கஜம்.

*

இவ்வளவு கணக்குப் போட்டும் அந்த அம்மாளின் கேள்விக்குப் பதில் எழுத முடியவில்லை. எங்கே உடுத்தப் போகிறீர்கள்?

ஷீட்டில் அதற்கு ஒரு கட்டம் வைத்திருந்தேன். ஸ்காட்லாந்து என்று போட்டால் 16. திருப்பூர் என்று போட்டால் 11, அதுவும் நாலு கஜம். அந்தச் சமயத்தில் என் லேப்டாப்பில் இன்னொரு டேப் திறந்தே கிடந்தது. விசாவில் ஐந்து வருஷம் முடிந்திருந்தது. நிரந்தரக் குடியிருப்புக்கான விண்ணப்பம் பாதி நிரப்பி, சேமித்து, மூன்று மாதமாக அப்படியே நின்றது. ஆபீசில் கேட்டால் "போட்டாச்சு" என்றும், அப்பா கேட்டால் "இன்னும் யோசிக்கலைங்ப்பா" என்றும் சொல்லிவந்தேன். இரண்டும் பொய்.

அம்மா போய் நாலு வருஷம் ஆகிறது. அப்பா தனியாக இருக்கிறார். முப்பத்துநாலு வருஷம் மேசை முன்னால் நின்றதில் காலில் நரம்பு சுருண்டு நீலமாகத் தெரியும். சாயங்காலம் ஆனால் வீங்கும். ஒருதடவை இங்கே வந்தார். நான் லீவு கிடைத்த மாதம் என்று நவம்பரில் அழைத்து வந்துவிட்டேன். நாலு மணிக்கே இருட்டிவிடும். மூன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்தார். ஒரு மாசம் முடிந்ததும் "ஊருக்குப் போலாங்கண்ணு" என்றார். அதற்கப்புறம் நானும் கூப்பிடவில்லை, அவரும் கேட்கவில்லை.

பதில் தெரியாத இடத்தில் பொறியாளர்கள் செய்வது ஒன்றுண்டு, நடுவில் ஒரு எண்ணைப் போடுவது. 13 அவுன்ஸ், ஐந்து கஜம் என்று முடிவெடுத்தேன். இங்கேயும் ஓரளவு ஆகும், அங்கேயும் ஓரளவு ஆகும். மெயில் எழுதி வைத்துவிட்டு, அனுப்பும் முன் அப்பாவைக் கூப்பிட்டேன்.

அதற்குள் அவருக்கு வேறொரு கேள்வி முளைத்திருந்தது. "அந்த ஒளிச்சு வெச்ச துணி இருக்குதல்லோ, ஆளு குண்டாயிட்டா அதைப் பிரிச்சு உட முடியுமா?"

"முடியுங்ப்பா. பக்கிளைக் கொஞ்சம் தள்ளித் தெச்சா ஒண்ணு ரெண்டு இஞ்சு கெடைக்கும். அதுக்கு மேலன்னா மொத்தத்தையும் பிரிச்சுட்டு வேற அளவுக்கு மறுபடி மடிச்சுத் தெக்கலாமாம். அப்பன் கில்ட்டை மகனுக்குப் பிரிச்சுத் தெக்கறது உண்டாம்."

"அப்படிச் சொல்லு" என்றார். குரலே மாறியிருந்தது. "அப்ப அது வேஸ்ட் இல்லியே. உனக்கு ஸ்கூல் பேண்ட்டுல நான் உட்டு வெச்சது மறந்து போச்சா?"

மறக்கவில்லை. ஒவ்வொரு ஜூனிலும் நடக்கும். ஆறாம் வகுப்பில் எடுத்த காக்கி பேண்ட்டின் அடியில் மூன்று அங்குலம் உள்ளே மடித்துத் தைத்திருப்பார். ஏழாம் வகுப்புக்கு ஒரு அங்குலம் பிரித்துவிடுவார். எட்டாம் வகுப்புக்கு இன்னொன்று. பிரித்த இடத்தில் வெயில் படாத துணி அடர்காக்கியாக ஒரு கோடு போட்டிருக்கும். ஒன்பதாம் வகுப்பில் என் காலில் மூன்று கோடு. கிளாஸில் எனக்குப் பட்டப்பெயர் அணில். அழுதுகொண்டு வந்து இனிமேல் புது பேண்ட்தான் வேண்டும் என்று கத்தியிருக்கிறேன். கால் அங்குலத் துணியை வீணாக்காத அப்பா, நான் இன்னும் வளராத மூன்று அங்குலத்துக்குத் துணி எடுத்து உள்ளே மடித்து வைத்திருந்தார் என்பது அன்றைக்கு உறைக்கவில்லை. முப்பத்தைந்து வயதில், எடின்பரோவில், போனைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது உறைத்தது.

"துணி எட்டு கஜமே எடு" என்றார். "எந்த எடைன்னு சொன்னே?"

"பதிமூணு அவுன்ஸ்ங்ப்பா. நடுவுல. இங்கயும் கட்டலாம், நம்மூருக்கு வந்தா அங்கயும் கட்டலாம்."

"இங்க கட்டறதுக்கு வேட்டி இருக்குதே கண்ணு" என்றார் அப்பா. "அதுக்கு எதுக்கு அதத் தூக்கீட்டு வர்றே? அங்க காத்துல நிக்கறதுக்குத்தான தெக்கறே. கனமானதே எடு."

துணியைப் பற்றித்தான் பேசினார். அதை மட்டும் பேசவில்லை என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரிந்திருக்கும். "சரிங்ப்பா" என்றேன். மெயிலைத் திருத்தி அனுப்பினேன். விண்ணப்பத்தையும் அன்றைக்கு ராத்திரியே அனுப்பினேன். அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன் என்று எழுத ஆசை. தூங்கவில்லை.

*

மூன்று மாதம் கழித்து கில்ட் வந்தது. மடிப்புகள் கலையாமல் இருக்க வெள்ளை நூலால் ஓட்டுத் தையல் போட்டிருந்தார்கள். முதல்முறை உடுத்தும் முன் அந்த நூலை நாமே உருவவேண்டும். கில்ட் ஜீன்ஸ் நிற்கும் இடத்தில் நிற்காது, தொப்புள் பக்கம் மேலே ஏறி நிற்கும். இரண்டு பக்கிளையும் இறுக்கிக் கண்ணாடி முன் நின்றபோது முதலில் தெரிந்தது கனம்தான். பின்னாலிருந்து யாரோ இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பது போல. தோள் தானாக நிமிர்ந்தது.

பெர்த்ஷயரில் நல்ல காற்று. படம் எடுக்க மேட்டில் நிறுத்தினார்கள். என் கை இரண்டும் பழக்கத்தில் முன்னால் போனது. தேவைப்படவில்லை. மடிப்புகள் ஒருமுறை விரிந்து, ஊஞ்சல் மாதிரி ஆடித் திரும்பி வந்தன. அந்தப் படத்தை அப்பாவுக்கு அனுப்பினேன். அரைமணி நேரம் பதில் இல்லை. பிறகு, என் முகத்தை வெட்டிவிட்டு, பின்பக்க மடிப்பை மட்டும் பெரிதாக்கிய ஸ்க்ரீன்ஷாட் திரும்பி வந்தது. கீழே ஒரு வரி: "கட்டம் சேருது. நல்ல மாஸ்டர்."

அதை அந்த அம்மாளிடம் மொழிபெயர்த்துக் காட்டினேன். ஒருநிமிஷம் படித்துப் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்தார். 58 அங்குல அகலத்தில் இரண்டு பட்டை 24 அங்குலம் எடுத்தது போக நடுவில் பத்து அங்குலம் மிஞ்சும். பட்டை, வார் தைத்தது போக மிச்சம் இருந்த துணி. "உங்கள் அப்பாவிடம் கொடுங்கள்" என்றார்.

*

அந்தப் பையை அடுத்த பொங்கலுக்கு ஊருக்கு எடுத்துப் போனேன். விண்ணப்பம் அதற்குள் கிடைத்துவிட்டிருந்தது. அப்பாவிடம் போனில் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். "நல்லதுதான்" என்று ஒரே வார்த்தை. நேரில் அதைப்பற்றி இரண்டு பேரும் பேசவில்லை.

துணியைப் பிரித்ததும் வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டினார். ஓரத்தை இழுத்துப் பார்த்தார். "வா, ஒருக்கா கம்பெனிக்குப் போயிட்டு வந்தரலாம்" என்றார். அவர் கடைசியாக வேலை செய்த இடம், இரண்டு தெரு தள்ளி. பொங்கல் லீவு முடிந்து இன்னும் ஆட்கள் முழுதாகத் திரும்பவில்லை. பாதி மேசை காலி. இருந்தவர்கள் "வாங்க மாஸ்டர்" என்று எழுந்தார்கள். அப்பா துணியை மேசைமேல் விரித்து, ஜிஎஸ்எம் கட்டரை எடுத்துவரச் சொன்னார். கைக்கடக்கமான வட்டக் கருவி. துணிமேல் வைத்து அழுத்தித் திருகினால் சரியாக நூறு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு வட்டம் வெட்டும். அதை நிறுத்து நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம்.

சின்னத் தராசில் அந்தக் கட்டம்போட்ட வட்டத்தை வைத்தார். எண் ஓடி நின்றது. 3.4.

"முந்நூத்தி நாப்பது" என்றார். "சொன்ன எடைக்குக் குடுத்திருக்கறாங்."

அந்த வட்டத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஓட்டை விழுந்த மிச்சத் துணியை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார். திரும்பி நடக்கும்போது மெதுவாகத்தான் வந்தார், கால் வலி. முக்கு டீக்கடையில் உட்கார்ந்தோம். டீயைப் பாதி குடித்துவிட்டுக் கேட்டார்:

"ஜூன் மாசத்துல அங்க எத்தன டிகிரி இருக்கும்?"

"பதினேழு, பதினெட்டு இருக்குங்ப்பா. ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும்."

"பத்து மணி வரைக்குமா?" என்று கேட்டுவிட்டு, மீதி டீயைக் குடித்தார்.